எங்க தாமரை கதை

பேரையூர்,
8-6-2025

அன்புள்ள ரோகிணி அக்காவுக்கு,

உன் சீரியலில் முதலில் என் கண்ணில் பட்டது அந்த நடிகையின் காதுதான். முகத்திலும் கழுத்திலும் மை பூசியிருந்தார்கள். காதுக்குப் பின்னால் மட்டும் வெள்ளையாக விட்டுப்போயிருந்தது. நிஜமாகவே கருப்பான பெண்ணைத்தான் நடிக்க வைப்போம் என்று நீ சொன்னாயே, அக்கா.

பெரியம்மா தெரு முழுக்க, "எங்க தாமரை கதைதான் டிவில வருது, எம்மகதான் எழுதுறா" என்று சொல்லி வைத்திருக்கிறார். ராத்திரி எட்டு மணிக்கு உங்கள் வீட்டில் அம்புட்டுப் பேரும் கூடிவிடுகிறார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தாலும் சந்தோஷம்தான்.

நான் வகுப்புக்குள் நுழைந்தாலே கணக்கு சார், "இருட்டிருச்சு, லைட்டைப் போடுங்கடா" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அதனால்தான் பத்தாவதில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். படிப்பு ஏறவில்லை என்றுதான் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். என் வாய்க்கு வராததை உன் சீரியல் சொல்லட்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. போன் அப்பாவிடம் இருக்கிறது, அதனால் கடிதமே போடு.

உன் தங்கச்சி,
தாமரைச்செல்வி

---

சென்னை,
19-6-2025

என் தாமரைக்கு,

இது உன் கைக்கு வருவதற்குள் நீயே பார்த்திருப்பாய். சீரியலில் அந்தப் பெண் ஒரு பஸ் கண்டக்டரைக் காதலித்து மாட்டிக்கொள்கிறாள். அதனால் படிப்பு நிற்கிறது.

கதை பேசும் அறையில் நான் ஒருத்திதான் பெண். உன் கணக்கு சார் வரும் காட்சியை வாசித்ததும் தலைமை எழுத்தாளர் சிரித்தார். "கலருக்காகவா ஒரு புள்ள படிப்ப விடும்? லவ்வு வைம்மா. வாத்தியாரத் தப்பாக் காட்டினா சேனல்ல ஒத்துக்க மாட்டாங்க." பக்கத்தில் இருந்தவர், "நிஜக் கருப்பா இருந்தா எவன் லவ் பண்ணுவான்? அதுக்குத்தானே செவத்த புள்ளைக்கு மை பூசுறோம்" என்றார். இது நிஜமாக நடந்தது சார் என்றேன். "சரி, எல்லாருக்கும் டீ சொல்லும்மா" என்றார்கள்.

டீ சொன்னேன். கண்டக்டர் காட்சியையும் நான்தான் எழுதினேன். நான் எழுதாவிட்டால் எழுத வேறு ஆள் இருக்கிறது.

கோபப்படாதே, கொஞ்ச நாள் பொறு. ஊரில் யாரிடமும் இது உன் கதை இல்லை என்று மறுத்துப் பேசிவிடாதே. என் பெயர் வருகிற முதல் சீரியல் இது.

அன்புடன் அக்கா,
ரோகிணி

---

பேரையூர்,
2-7-2025

ரோகிணிக்கு,

அக்கா என்று எழுத வரவில்லை.

குழாயடியில், "எந்த வண்டி கண்டக்டருடி? கல்லுப்பட்டி வண்டியா, உசிலம்பட்டி வண்டியா?" என்று கேட்கிறார்கள். "அதெல்லாம் சும்மா கதைடி" என்று இப்போது பெரியம்மா சொன்னால் யாரும் நம்புவதில்லை. "யாருடி அவன்?" என்று கேட்டு அப்பா அடித்தார். இல்லாதவனுக்கு நான் என்ன பேர் சொல்ல? நான் வேலை பார்க்கும் தையல் கடைக்கு இனிப் போகக் கூடாதாம். சோழவந்தானில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார், சீக்கிரம் முடித்துவிட வேண்டுமாம்.

நேற்று சீரியல் ஓடும்போது உங்கள் வீட்டுக்குப் போனேன். அப்பாவும் அங்கே உட்கார்ந்திருந்தார். பேயாண்டி சித்தப்பா என்னைப் பார்த்ததும், "ஏப்பா, கதாநாயகி வருது, வழி விடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த நடிகை கண்டக்டருக்காக அழுதுகொண்டிருந்தாள்.

நான் டிவியை அணைத்தேன். அப்பாவைப் பார்த்து, பள்ளிக்கூடத்தை ஏன் விட்டேன் என்று சொன்னேன்.

தாமரைச்செல்வி