கடைசிப் பந்தியில் மார்லன்

டொலீடோ, ஒஹாயோ
ஜூலை, திங்கட்கிழமை காலை

அன்பு மகள் லெனோராவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் அப்பாவின் இடது முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் சுகம். அங்கே உன் ஆஸ்பத்திரிக் கப்பலும், அதில் படுத்திருக்கும் நோயாளிகளும், ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்துவிட்டுத் தான் சாப்பிட மறந்துபோகும் அந்த நர்ஸ் அம்மாளும் சுகமாக இருக்க வேண்டுமென்று சர்ச்சில் வாராவாரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கடலில் போன் எடுக்காது என்று சொல்லிவிட்டாய், அதனால் சேர்த்து வைத்ததை எல்லாம் இதிலேயே கொட்டப்போகிறேன், காப்பி போட்டுக்கொண்டு உட்கார். உன் தம்பி விஷயம்தான் முக்கியம். முடிவு என்ன என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்காதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

மார்லனுக்கு இந்த ஊர் கூடைப்பந்து டீமோடு இருந்த ஒப்பந்தம் ஜூன் கடைசியில் முடிந்துவிட்டது. நாலு வருஷத்துக்கு முன் யாரும் பெரிதாக மதிக்காத பையனாக உள்ளே போனான், சம்பளமும் அந்த உலகத்தில் சின்னச் சம்பளம்தான், இப்போது அவன் இல்லாமல் ஆட்டம் தொடங்குவதில்லை. ஒப்பந்தம் முடிந்தவன் எந்த டீமுக்கு வேண்டுமானாலும் போகலாம், ஃப்ரீ ஏஜென்ட் என்று அதற்குப் பேர், ஆனால் அந்த ஒரு வாரம் இந்த வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி கிடையாது. அவனுக்கு இங்கேயே இருக்கத்தான் ஆசை. செப்டம்பரில் அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன், நீயும் கடலில், நானும் போய்விட்டால் கிழவரைத் தூக்கி உட்கார வைப்பது யார் என்று கேட்கிறான். அந்த நேரம் பார்த்துத் தூரத்து டூசான் ஊர் டீம் நல்ல சம்பளம் தருகிறோம், நாலாம் தேதிக்குள் பதில் சொல் என்றது. நம் டீமின் மேலாளர் திருமதி ஹார்ட்விக் என்ன சொன்னார் தெரியுமா, "மார்லன், நீ எங்களுக்குக் கண்டிப்பா வேணும், ஆனா நீ கடைசியா கையெழுத்துப் போடு" என்றார். அப்பாவுக்கு வந்ததே கோபம். "நாலு வருஷம் ஓடா தேஞ்சவன் கடைசியில நிக்கணுமாம், நேத்து வந்த நெட்டையனுக்கு முதல் மரியாதையாம்" என்று குதித்தார், முழங்கால் வலி எங்கே போனதோ தெரியவில்லை.

நெட்டையன் என்றது ரிமாண்டாஸை. லிதுவேனியாக்காரர், ஏழடி உயரம், நம் டீம் வேறிடத்திலிருந்து இழுக்கப் பார்த்த ஆட்டக்காரர். மார்லனின் ஏஜென்ட் ப்ரெஸ்காட் நம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து விளக்கினார். ஒரு டீம் மொத்தமாக இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்று ஓர் உச்சவரம்பு இருக்கிறது. வெளியாளை எடுப்பதென்றால் பெரும்பாலும் அந்த வரம்புக்குள் இடம் இருக்க வேண்டும். மூன்று வருஷமாவது தன்னிடமே ஆடிய சொந்த ஆளை மறுபடி எடுக்க மட்டும் வரம்பைத் தாண்டியும் கொடுக்கலாம். அவன் கையெழுத்துப் போடும்வரை அவன் பேரில் கொஞ்சம் இடம் பிடித்து வைப்பார்கள், சர்ச் பெஞ்சில் பைபிளை வைத்து இடம் பிடிக்கிற மாதிரி. மார்லனின் பழைய சம்பளம் சின்னது, அதனால் அவன் பேரில் இருக்கிற இடமும் சின்னது. அவன் முதலில் கையெழுத்துப் போட்டால் புதுச் சம்பளம் இடத்தையெல்லாம் அடைத்துவிடும், நெட்டையருக்கு இடமில்லை. அவரை முதலில் உட்கார வைத்துவிட்டு, அப்புறம் வரம்பைத் தாண்டி இவனுக்குக் கொடுத்தால் இரண்டு பேரும் கிடைப்பார்கள். ஆனால் ஆறாம் தேதி மத்தியானம்வரை யாரும் கையெழுத்துப் போட முடியாது, அதுவரை எல்லாம் வாய்ப்பேச்சுதான். இதற்கு நடுவில் டீம் அவன் பேரிலிருக்கும் இடத்தை விட்டுவிட்டால் அந்தச் சொந்த ஆள் சலுகையும் போச்சு, அடிமட்டச் சம்பளம்தான் மிஞ்சும்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. இது நம் வீட்டுச் சட்டம்தானே. விருந்தாளிக்கு முதல் பந்தி, வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடைசிப் பந்தி. நான் காதுக் கம்மலைத் தொட்டால் நீயும் மார்லனும் கரண்டியைக் கீழே வைத்துவிடுவீர்களே, பாதிரியாருக்கு முன்னால் நீ என்னை முறைத்த முறைப்பு இன்னும் மறக்கவில்லை. இதைச் சொன்னதும் உன் அப்பா, "நாங்க காத்திருந்தோம்னா நீ ரொட்டி சுடுற அடுப்புக்குள்ள தனியா எடுத்து வெச்சிருப்பேன்னு தெரியும் வெர்னீஸ். அந்தம்மா எடுத்து வெச்சிருக்காளா? நீ போய் அடுப்பைத் திறந்து பாத்தியா?" என்றார். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். மார்லன் நாலாம் தேதி காலையில் டூசானுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, இனி யார் பேச்சும் வேண்டாமென்று போனை ரொட்டி டப்பாவுக்குள் போட்டு மூடினான். "அந்தம்மா இதுவரைக்கும் எங்கிட்ட பொய் சொன்னதில்லம்மா" என்றான், அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் வழக்கம்போல் நம் பின்கட்டில் சுதந்திர தின விருந்து. வீடு பார்க்க ஊருக்கு வந்திருந்த ரிமாண்டாஸை மார்லனே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். உன் அப்பா விடியற்காலையிலிருந்து புகையில் நின்று வாட்டிய பன்றி விலா, என் உருளைக்கிழங்கு சாலட், சோளம், பீச் பழத்தை மாவால் மூடிச் சுட்ட காப்ளர். நான் கம்மலைத் தொட்டேன், வீட்டு ஆட்கள் எல்லோரும் தள்ளி நின்றோம். இனிமேல்தான் வேடிக்கை. அடுத்தவர் வீட்டில் சாப்பிடும்போது தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது என்று ரிமாண்டாஸுக்கு அவர் அம்மா சொல்லி வளர்த்திருக்கிறாள். விருந்தாளியின் தட்டு காலியாகவே கூடாது என்று நாம் வளர்ந்திருக்கிறோம். அவர் காலி செய்யச் செய்ய அப்பா வைக்க, அப்பா வைக்க வைக்க அவர் காலி செய்ய, அவரும் நிறுத்தவில்லை, எங்களாலும் நிறுத்த முடியவில்லை, பாவம் நடுவில் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டார். கடைசியில் தட்டில் எலும்புகூட மிஞ்சவில்லை. அப்பா என்னிடம் வந்து, "பாத்தியா, நாளன்னைக்கு நடக்கப்போறதை இன்னைக்கே ஒத்திகை பாத்துட்டான்" என்று முணுமுணுத்தார்.

நான் அடுப்பைத் திறந்து, உள்ளே மூடி வைத்திருந்த தட்டத்தை எடுத்து மார்லனிடம் கொடுத்தேன். அவன் நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கும்போது, தன் தட்டைத் தானே கழுவ வேண்டுமென்று ரிமாண்டாஸ் உள்ளே குனிந்து வந்துவிட்டார். "நீ இவ்ளோ நேரம் சாப்பிடல? நான் உன் சாப்பாடு சாப்பிட்டேன்?" என்று கேட்டார், முகமெல்லாம் பீட்ரூட் நிறம். மார்லன் சிரித்துக்கொண்டே கம்மல் கதையை எல்லாம் சொன்னான். நான், "இல்ல தம்பி, உனக்கு வெச்சது உனக்குத்தான், இவன் பங்கு உள்ளயே பத்திரமா இருந்துச்சு" என்றேன். அவர் அந்தத் தட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் எல்லாப் பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டு, போகும்போது நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு போனார்.

ஆறாம் தேதி காலையில் இடி விழுந்தது. வேறொரு டீம் ரிமாண்டாஸுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டித் தருவதாகச் சொல்லிவிட்டது, அவருடைய ஏஜென்ட் அதையே நம் டீமிடமும் கேட்டுவிட்டார். வரம்புக்குள் மீதி இருந்தது மார்லன் பேரில் பிடித்து வைத்த அந்தச் சின்ன இடம் மட்டும்தான். திருமதி ஹார்ட்விக் மறைக்கவில்லை, அவரே கூப்பிட்டார். "மார்லன், உன்னை விட்டுடச் சொல்லி முதலாளி கழுத்தைப் பிடிக்கிறார். நான் போராடிட்டுதான் இருக்கேன், ஆனா மத்தியானம் வரைக்கும்தான் என் கையில" என்றார். மார்லன் போனை மறுபடி ரொட்டி டப்பாவுக்குள் போட்டான். டூசான் அதற்குள் வேறு ஆளைப் பேசி முடித்துவிட்டது. உன் அப்பா கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை, மார்லன் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவன் முதுகில் கையை வைத்தார். அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. என் மேலேயே எனக்குக் கோபம் கண்ணு. விருந்தாளிக்கு முதல் பந்தி என்று பெருமையாகப் பேசிப் பேசி என் பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டேனே.

அப்போதுதான் ரொட்டி டப்பாவுக்குள் போன் அடித்தது. ரிமாண்டாஸ். ஒலிபெருக்கியில் போட்டான் மார்லன். கூடுதல் காசுக்காக யாரை விடப்போகிறார்கள் என்று தன் ஏஜென்டிடம் கேட்டாராம், பேரைக் கேட்டதும் வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். "அது மார்லன் தட்டு. ஒரு தடவை தெரியாம சாப்பிட்டேன். தெரிஞ்சு சாப்பிட மாட்டேன். முதல்ல பேசின சம்பளம் போதும், நீ வா" என்றார். லெனோரா, எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது, மறைக்கவும் தோன்றவில்லை. மத்தியானம் அவர் கையெழுத்துப் போட்டார், அன்று சாயங்காலமே உன் தம்பியும் போட்டான், வரம்பைத் தாண்டித்தான், அஞ்சு வருஷத்துக்கு. ஹார்ட்விக் அம்மா நிஜமாகவே அவன் பங்கை எடுத்து வைத்திருந்தார். உன் அப்பாவின் கண்ணில் தண்ணீர், கேட்டால் முழங்கால் வலி என்கிறார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் குடும்பத்தோடு சாப்பிட வந்தார். மார்லன் ரிமாண்டாஸையும் கூப்பிட்டிருந்தான். நான் பழக்கத்தில் கம்மலைத் தொட்டேன். மேஜையின் அந்தக் கோடியில் முதலில் கரண்டியைக் கீழே வைத்தது யார் என்று நினைக்கிறாய், உன் தம்பி இல்லை, அந்த ஏழடிப் பையன்தான். வைத்துவிட்டு, நான் சரியாகச் செய்தேனா என்பதுபோல என்னைப் பார்த்தான். இனிமேல் அவனை அவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பாதிரியாரை அனுப்பிவிட்டு இரண்டு தட்டத்தை அடுப்பிலிருந்து எடுத்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு கப்பல் மேல்தளத்தில் நிற்காதே, அப்பாவின் ஆபரேஷனைப் பற்றிக் கவலைப்படாதே, தூக்கிவிட இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள். கர்த்தர் உன்னையும் உன் கையால் மருந்து வாங்குகிறவர்களையும் காக்கட்டும். நவம்பரில் நன்றி சொல்லும் நாள் விருந்துக்கு லீவு எழுதிப் போட மறக்காதே. கடல் தாண்டி வருகிறாய் என்பதற்காக முதல் பந்தியில் உட்காரலாம் என்று மட்டும் நினைக்காதே, நீயும் கடைசியில்தான். அடுப்புக்குள் மூணாவது தட்டம் உனக்கு இருக்கும்.

என்றும் உன் அம்மா,
வெர்னீஸ் காடிஸ்