அரிஷ்டமும் ஊதும் மெஷினும்

அக்டோபர் 14, செவ்வாய். பிளானோ.

எரிச்சலில் தூக்கமே வரவில்லை.

குடித்துவிட்டு ஓட்டி மாட்டிக்கொண்டது என் கணவர். கோர்ட் உத்தரவுப்படி எங்கள் காரில், மூச்சில் மது இருக்கிறதா என்று பார்க்கும் ஊதும் மெஷின் வந்து உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் இருப்பதே ஒரு கார். ஆகவே குடிக்காத நானும் ஊதினால்தான் அது ஸ்டார்ட் ஆகும்.

மாலையில் வயிறு உப்புசம் என்றேன். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் இரண்டு மூடி அரிஷ்டம் கொடுத்தார். குடித்த கையோடு, பெண்ணை டேகேரிலிருந்து கூட்டிவர மூவருமாகக் கிளம்பினோம். ஊதினேன். அரிஷ்டத்தில் இருக்கும் கொஞ்சூண்டு ஆல்கஹாலுக்கே மெஷின் சிவப்பு காட்டிவிட்டது.

பக்கத்து சீட்டில் கணவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா? உன்னையே ஃபெயில் பண்ணுது. அன்னைக்கு போலீஸ் மெஷினும் இப்படித்தான் தப்பா காட்டியிருக்கும்."

பின்னாலிருந்து மாமியார், "நான் அப்பவே சொன்னேன், எம்புள்ள அப்படிப்பட்டவன் இல்லன்னு."

"ஏங்க, இந்த ஃபெயில் உங்க ரெக்கார்டுலதான் ஏறும்," என்றேன். அவர் காதில் விழவில்லை. வக்கீலுக்கு உற்சாகமாக மெசேஜ் டைப் பண்ணிக்கொண்டிருந்தார்.

வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து ஊதினேன். பச்சை. அதையும் அவர் பார்க்கவில்லை.

டேகேர் வேலியில் புதிதாக அடித்த பலகைகள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன. பெண் ஓடிவந்து மாமியாரின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பாட்டி, லுக்! அப்பாவோட கார் ஃபென்ஸை உடைச்சிட்டு கேம் இன் ரைட் ஹியர். தட்ஸ் வேர் வீ ப்ளே."