பழசு மேலேயே புதுசு

அன்பு மகனுக்கு அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் வராமல் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் எங்களுக்கு அதுவே போதும். இங்கே நாங்களும் நன்றாக இருக்கிறோம் என்றுதான் முதலில் எழுதச் சொன்னேன், இவள் பேனாவை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள், அதனால் அதை விட்டுவிடுகிறேன். என் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஆனாலும் எழுத்தெல்லாம் இன்னும் கலங்கலாகத்தான் தெரிகிறது. குனியக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்கிறார் டாக்டர், எல்லா வேலையும் இவள் தலையில்தான், அதோடு ஒர்க்‌ஷாப்பில் அப்பாவுக்குக் கை உதவியும் இவள்தான். இவளை மறுபடி பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடு என்று நீ சொன்னதை இவளிடம் சொன்னேன், சுவரிடம் பேசினாலாவது எதிரொலி வரும்.

அப்பாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் நீ கேட்டபோது அவருக்கென்ன, ஜோராக இருக்கிறார் என்றேன், அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், வேறு என்ன சொல்ல. பின் தெரு நர்ஸம்மா தன் கார் சூடாகிறது என்று கொண்டுவந்தார். அப்பா இன்ஜின் மேல் இருக்கிற ஹோஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்ஜின் கொதிக்கிறது, ஹோஸ் ஜில்லென்று இருக்கிறது, சூடானால் தண்ணீருக்கு வழிவிடுகிற தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டிக்கொண்டது என்று அங்கேயே சொல்லிவிட்டார். புதுசு வாங்கி வந்து நான் டீ போடும் பாத்திரத்தில் வெந்நீர் வைத்து அதில் போட்டுப் பார்த்தார், சூடு ஏறியதும் அது திறந்தது, சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் அதையே கையில் பிடித்துக்கொண்டு மறுபடி வந்து, சோதித்துப் பார்க்க வேண்டும், பாத்திரம் கொடு என்றார். ஜாக்கிரதைக்காரர், இன்னொரு தரம் பார்க்கிறார் போலிருக்கிறது என்று நானும் கொடுத்தேன், அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அதன் பிறகு இவள் என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டாள், அப்பா தனியாகத்தான் மாட்டினார்.

ஒரு வாரம் ஓடியிருக்கும். நர்ஸம்மா டியூட்டி முடிந்து வரும்போது நடுரோட்டில் காரிலிருந்து புகை கிளம்பி, யார் யாரோ தள்ளி ஓரம் கட்டி, கயிறு கட்டி நம் வாசலுக்கு இழுத்து வந்தார்கள். இவள்தான் போல்ட்டைக் கழற்றினாள், அப்பா தெர்மோஸ்டாட் மூடியைத் தூக்கினார். மூடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் தண்ணீர் கசியாமல் இருக்கக் காகிதம் மாதிரி ஒரு பேக்கிங் வைப்பார்களே, அதைத் துளி விடாமல் சுரண்டி எடுத்தால்தான் புதுசை வைக்க விடுவார் அப்பா. அதனால்தானே தெருவே அவரைச் சுரண்டி மாஸ்டர் என்கிறது, நீ வாங்கிய குட்டெல்லாம் உன் மண்டைக்கு நினைவிருக்கும். அன்றைக்குத் திறந்தால் பழைய பேக்கிங் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதன் மேலேயே புதுசு. அப்பாவுக்கு வந்ததே கோபம். “எந்த மடையன் பாத்த வேலை இது? பழசு மேலேயே புதுசை வெச்சிருக்கான். இவனெல்லாம் ஸ்பேனர் பிடிக்கலாமா?” என்றார். நர்ஸம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “வேற ஒரு கடையில காட்டிட்டேன் மாஸ்டர், தப்புதான்” என்றாராம். நான் என்ன செத்தா போய்விட்டேன், இத்தனை வருஷம் வந்துவிட்டு இப்போது எதற்கு அங்கே போனாய் என்று அப்பா அவரையும் ஒரு பிடி பிடித்தார். அந்தப் புண்ணியவதி தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். அப்புறம் உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, தள்ளிப்போடாமல் ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள் அக்கா என்றார்.

நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் சாயங்காலம் பார்த்தால் அப்பா பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் புது பேக்கிங்கை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பேக்கிங் ஷீட்டை வாங்கி அவரே வெட்டுவாரே, பிடித்துத் தூக்க வசதியாக ஓரத்தில் குட்டிக் காது மாதிரி ஒன்று விடுவாரே, ஊரில் வேறு யாரும் அப்படி வெட்டுவதில்லை. “இது என் வெட்டு” என்றார். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பையனிடம் சொல்லிவிடாதே, வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவான் என்றார். சரி என்று தலையாட்டினேன், இதோ சொல்லிக்கொண்டிருக்கிறேன். டாக்டரிடம் போகலாம் என்றால், என் மண்டை என்ன ரேடியேட்டரா, ஓட்டை விழ என்று சிரிக்கிறார், அந்தச் சிரிப்பைத்தான் பார்க்க முடியவில்லை.

மறுநாள் அந்தக் காரை மறுபடி சரி செய்தார்கள். இதை எழுத மாட்டேன் என்று இவள் அடம் பிடிக்கிறாள், அதட்டி எழுத வைக்கிறேன். பழசைச் சுரண்டியாச்சா பாப்பா என்று அப்பா கேட்டார், ஆச்சுப்பா என்றாள். புதுசை எடுக்கப் போனவர் திரும்பி வந்து மறுபடி கேட்டார், ஆச்சுப்பா. போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு தரமும் கேட்டார். இவள் அலுத்துக்கொள்ளவில்லை, அவர் விரலைப் பிடித்து அந்த இரும்பின் மேல் வைத்து ஒரு சுற்று தடவ வைத்தாள். வழவழவென்று இருந்தது போல, அப்புறம்தான் மாட்ட விட்டார். இப்போது எந்த வண்டி வந்தாலும் இப்படித்தான். கேட்கிறவரை பரவாயில்லை, கேட்க வேண்டும் என்பதையே அவர் மறந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் எனக்குப் பயம்.

இதற்காக நீ லீவு போட்டு ஓடி வர வேண்டாம், நாங்கள் சமாளித்துக்கொள்வோம். முடிந்தால் சீக்கிரம் வா. போனில் அப்பாவிடம் அது ஞாபகம் இருக்கா, இது ஞாபகம் இருக்கா என்று பரீட்சை வைக்காதே. உன் வண்டியைப் பற்றி ஏதாவது சந்தேகம் கேள், சொன்னதையே சொன்னாலும் புதுசாகக் கேட்பது போல ம் போடு. ராத்திரி முழுக்க முழித்திருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் ராசா.

இப்படிக்கு,
உன் அம்மா

அண்ணா, அம்மாவால் இதைப் படித்துப் பார்க்க முடியாது. முடிந்தால் சீக்கிரம் வா என்று அம்மா சொல்லவில்லை. அது நான் எழுதியது.