பன்னிரண்டு ஈயக் குண்டுகள்

மார்ச் 3

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மா நலம். அவள் நலமாக இருப்பதால் நானும் நலமாக இருந்தாக வேண்டியிருக்கிறது. என்னோடு பாறைக்கு வருவாரே சலூன்காரர், அவர் உன்னை விசாரித்தார். என் தலையில் இனி வெட்ட ஒன்றுமில்லை என்று தெரிந்தும் மாதம் ஒரு முறை உட்கார வைத்துக் கத்தரியை ஆட்டுகிறார், பழக்கத்துக்காக.

மாப்பிள்ளை சனிக்கிழமைகளில் பாறையில் தூண்டில் போடப் போகிறார் என்று எழுதியிருந்தாய். கண்ணாடிக் கடையில் வாரம் முழுக்க லென்ஸ் தேய்க்கிறவர், ஒரு நாள் தூரத்தைப் பார்க்கட்டும். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் போனில் பேசினால் அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாக்கியத்தையும் திருத்துவாள். ஒன்பதாம் வகுப்பை இரண்டு வருடம் ஊன்றிப் படித்தவன் என்பதால் எழுத்தில் எனக்குக் கொஞ்சம் தைரியம் உண்டு.

அவரிடம் சொல். பாறையில் பச்சையாக இருக்கிற இடம் சோப்புத் தண்ணீர் கொட்டிய தரை மாதிரி. ஷூவின் அடியில் கயிறு சுற்றிக் கட்டிக்கொண்டால் வழுக்காது. போனதும் பத்து நிமிஷம் சும்மா நின்று அலையைப் பார்க்க வேண்டும். பாறை எதுவரை நனைந்திருக்கிறதோ அதற்கு மேலேதான் நிற்க வேண்டும். கடலுக்கு முதுகு காட்டவே கூடாது. முள்ளில் இரை மாட்டும்போதும் கூடாது, பையைத் திறக்கும்போதும் கூடாது.

இரையை விலைக்கு வாங்க வேண்டாம். அந்தப் பாறையிலேயே ஒட்டியிருக்கிற சிப்பியும் சின்ன நண்டும்தான் அங்கே மீன்களின் அன்றாடச் சாப்பாடு. சிப்பிச் சதை கொழகொழவென்று இருக்கும், மெல்லிய நூலால் முள்ளோடு நாலு சுற்று சுற்றிவிட்டால் வீசும்போது பறக்காது. இரைக்குப் பதில் பிளாஸ்டிக் பொய் மீன் போட்டு இழுக்கிற ஆசை இருந்தால் விடிந்ததும் முதல் ஒரு மணி நேரம் மட்டும். நுரை கொதிக்கிற ஓரமாக வீசி, இழுத்து நிறுத்தி, இழுத்து நிறுத்தி, அடிபட்ட மீன் தப்பி ஓடுகிற மாதிரி.

பாறை இடுக்கு எதையும் விழுங்கும், திருப்பித் தராது. அதனால் தூண்டில் நூலை அடியில் இறக்கக் கட்டுகிற ஈயக் குண்டுக்குப் பதிலாக நல்ல உருண்டைக் கல்லைத் தையல் நூலால் கட்டி விடலாம். சிக்கினால் நூல் அறுந்து கல் மட்டும் போகும், முள் பிழைத்துக்கொள்ளும்.

இருந்தாலும் என் பழைய பெட்டியிலிருந்து பன்னிரண்டு ஈயக் குண்டுகள் பார்சலில் வருகின்றன. மாமனார் கொடுத்தது என்று இருக்கட்டும்.

உன் அப்பா


மார்ச் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

பார்சல் வந்தது. கடிதத்தில் அம்மா சமாச்சாரத்தை நான் எடுத்துக்கொண்டு மீன் பக்கங்களை அவரிடம் கொடுத்துவிட்டேன். எனக்கு முள்ளும் தெரியாது, மீனும் தெரியாது. குழம்பில் கிடந்தால் மட்டும் தெரியும். அவர் ஜன்னலோரம் நின்று இரண்டு தடவை படித்தார். என் கடிதங்களைக் கல்யாணத்துக்கு முன்னால்கூட இவ்வளவு ஊன்றிப் படித்திருப்பாரா தெரியாது.

சனிக்கிழமை எனக்கு ஆஸ்பத்திரி லேபில் காலை ஷிஃப்ட். நான் யார் யாருக்கோ ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கும்போது ஐயா கடல் காற்று வாங்குகிறார். மதியம் வருகிறார், குளிக்கிறார், தூங்குகிறார். சில நாள் இரண்டு மீன், சில நாள் வெறுங்கை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், நீங்கள் கொடுத்த பொருளை அப்படிப் பத்திரமாக வைத்திருக்கிறார். பன்னிரண்டு குண்டும் டப்பாவில் அணிவகுத்து நிற்கின்றன. ஒன்றுகூடத் தொலைக்கவில்லை.

மூட்டு வலிக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா, அல்லது அம்மாவுக்காக வாயில் போட்டுவிட்டுத் துப்புகிறீர்களா?

உங்கள் மகள்


ஏப்ரல் 2

அன்புள்ள வாலுவுக்கு,

மருந்தைத் துப்புவதில்லை. ஜன்னல் வழியாகப் போடுகிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒரு வரி தொண்டையில் முள்ளாக நிற்கிறது. ஒரு குண்டுகூடத் தொலையவில்லை என்கிறாய். இரண்டு சனிக்கிழமை பாறையில் தூண்டில் போட்டவனிடம் பன்னிரண்டு குண்டும் இருக்கிறது என்றால், அவன் தூண்டிலைத் தண்ணீரில் போடவில்லை என்று அர்த்தம். பாறையில் ஒரு காலைக்கு மூன்று குண்டாவது போகும். இது எங்கள் பஸ் டிப்போவில் டயர் கழற்றினால் கையில் கரி ஒட்டுகிற மாதிரி, தவிர்க்க முடியாதது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை தங்கமான மனிதர். ஆனால் நீ லேபில் வேலை பார்க்கிறவள், சோதித்துப் பார்ப்பதில் தப்பில்லை. அவர் வந்ததும் ஷூவைக் கையில் எடு. விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார். கடலில் நனைந்தது உப்புக் கரிக்கும், குழாயில் நனைத்தது கரிக்காது. மீனின் செவுளைத் தூக்கிப் பார். கயிறு கோத்த தடம் இருந்தால் அது மார்க்கெட் மீன். அங்கேதான் கோத்துத் தொங்கவிட்டு விற்பார்கள்.

அம்மாவிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே.

அப்பா


ஏப்ரல் 25

அப்பாவுக்கு,

பரிசோதனை முடிவு எழுதுகிறேன். ஷூவில் உப்பு இல்லை. மூன்று வாரம் தொட்டுப் பார்த்தேன், வெறும் தண்ணீர். தூண்டில் ரீலில் சோப்பு வாசனை. போன வாரம் கொண்டுவந்த இரண்டு மீனுக்கும் செவுளில் கயிற்றுத் தடம். குண்டு பன்னிரண்டு.

நான் இப்படிப்பட்டவள் இல்லை அப்பா. அவர் குளிக்கப் போனால் சட்டைப் பையைத் தடவுகிறேன். கடையில் புதிதாகச் சேர்ந்த பெண் ஃபிரேம் அழகாக மாட்டிவிடுவாள் என்று எப்போதோ சொன்னார். இப்போது சாதம் போடும்போதெல்லாம் அந்த வாக்கியம் காதில் கேட்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தாங்க முடியாமல் டப்பாவை எடுத்து, அவர் எதிரே மேஜை மேல் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தேன்.

"பன்னெண்டு இருக்கு" என்றேன்.

"ஆமா, இருக்கு."

"சனிக்கிழமை எங்க போறீங்க?"

"பாறைக்கு."

"இதுல ஒன்னுகூட குறையலையே."

அவர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரித்தார். பிறகு எழுந்து போய்விட்டார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

மகள்


மே 4

அன்பு மகளுக்கு,

சிரித்தாரா? சிரிப்பு என்பது பதிலுக்கு நேரம் வாங்குகிற வேலை. நல்லபடியாக ஒரு கேள்வி கேட்டால் நல்லபடியாக ஒரு பதில் வர வேண்டும்.

ஒரு சனிக்கிழமை லீவு போடு. அவருக்கு அடுத்த பஸ்ஸில் போ. சண்டை வேண்டாம், கூப்பிட வேண்டாம். பார்த்துவிட்டு வந்து எழுது. எதுவாக இருந்தாலும் உன் அறை இங்கே அப்படியே இருக்கிறது. அம்மா அதில் துணி காயப்போடுகிறாள், எடுத்துவிடுவாள்.

அப்பா


மே 19

அப்பா,

இந்தத் தடவை நலம் விசாரிப்பு இல்லை.

நீங்கள் சொன்னபடி போனேன். கடைசி நிறுத்தத்தில் இறங்கி, படகுகள் நிறுத்துகிற இடத்தைத் தாண்டி நடந்தேன். அவர் மணலில் குனிந்து எதையோ பொறுக்கி ஒரு பழைய சாக்ஸில் போட்டுக்கொண்டிருந்தார். கல். பாறையில் ஏறிப் பத்து நிமிஷம் ஒன்றும் செய்யாமல் அலையைப் பார்த்தார். பிறகு ஒரு கல்லை எடுத்து வெள்ளை நூலால் கட்டினார். என் தையல் பெட்டியிலிருந்து காணாமல் போன நூல்கண்டு, இரண்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன். வீசினார், சிக்கியது, சுண்டினார், கல் போனது, முள் வந்தது. மறுபடி ஒரு கல். மீன் விழுந்ததும் செவுளில் கயிறு கோத்துப் பாறைக்குழித் தண்ணீரில் விட்டார், வாடாமல் இருக்க. ஷூவையும் ரீலையும் படகுக்காரர்கள் குழாயில் சோப்புப் போட்டுக் கழுவுவாராம். லென்ஸ் துடைக்கிறவர், உப்போடு ஒரு பொருளை வீட்டுக்குக் கொண்டுவருவாரா? எனக்கல்லவா இது தோன்றியிருக்க வேண்டும்.

என்னைப் பார்த்துவிட்டார். "ஏன் வந்தே" என்று கேட்கவில்லை. "கடலுக்கு முதுகு காட்டாம ஏறி வா" என்றார்.

அவருடைய தூண்டில் பெட்டி மூடியின் உள்பக்கம் உங்கள் மார்ச் மாதக் கடிதம் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருக்கிறது. குண்டுக்குப் பதிலாகக் கல் கட்டச் சொன்னது நீங்கள்.

"நான் கேட்டப்பவே இத சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீ எங்க கேட்ட? எண்ணிக் காட்டின."

உங்கள் குண்டுகளை ஏன் தொடவில்லை என்பதையும் சொன்னார். "பாறையில போட்ட குண்டுல கீறல் இருக்கும். இது பன்னெண்டுலயும் ஒரு கீறல் இல்ல. உங்கப்பா என்னவோ பத்திரமா வெச்சிருந்திருக்கார், நான் தொலைக்க வேண்டாம்னு விட்டேன்." அந்தக் குண்டுகள் பாறைக்கே போனதில்லை என்று முதல் நாளே கண்டுபிடித்திருக்கிறார். என்னிடம்கூட உங்களை விட்டுக்கொடுக்கவில்லை.

தூண்டில் இப்போது பரணில். கடையில் வாடிக்கையாளரிடம் பேசுவது போல என்னிடம் பேசுகிறார். "இது சரியா இருக்கா? அது போதுமா?" அவ்வளவுதான். இந்த வீட்டில் இப்படி எத்தனை நாள் இருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

உங்களை இரண்டு கேள்வி கேட்கிறேன். எழுதி ஒரு மாதத்துக்குள் அந்தக் கல் விஷயம் உங்களுக்கு எப்படி மறந்தது? மீன் பிடிக்கப் போகாதவன் ஷூவை எந்தக் குழாயில் நனைப்பான், எந்த மீனை வாங்குவான் என்பது மட்டும் எப்படி அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது?

நான் சின்னவளாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் எங்கே போனீர்கள்?

மகள்


மே 29

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்தை மாப்பிள்ளை எதிரே உட்கார்ந்து உரக்கப் படி. நடுவில் நிறுத்தாதே.

நான் பாறைக்குப் போனது மொத்தம் நான்கு ஞாயிறு. நான்காவது ஞாயிறு முள்ளில் இரை மாட்டுவதற்காகத் திரும்பி உட்கார்ந்தேன். அலை வந்தது எனக்குத் தெரியாது. தெரிந்தபோது நான் பாறையின் அந்தப் பக்கம் சிப்பிகளைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். சலூன்காரர் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். அன்றைக்கு வயிற்றில் புகுந்த பயம் இன்றுவரை வெளியே வரவில்லை. உனக்கு அப்போது ஒன்பது வயது.

பயந்துவிட்டேன் என்று வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. டிப்போவில் பஸ் டயரைத் தனியாகத் தூக்குகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அடுத்த ஞாயிறும் தூண்டிலோடு கிளம்பினேன். டிப்போவில் ஓட்டத்துக்குப் போகாத பஸ் ஒன்று பின்னால் நிற்கும். அதில் கடைசி சீட்டில் உட்கார்ந்து பழைய பேப்பர் படித்தேன். பதினோரு மணிக்கு டிப்போ குழாயில் ஷூவை நனைத்துக்கொண்டு மார்க்கெட் வழியாக வீட்டுக்கு வந்தேன். பதினோரு வருடம். அந்தக் குண்டுகளில் கீறல் எப்படி இருக்கும்?

மாப்பிள்ளைக்கு எழுதியதெல்லாம் சலூன்காரர் கத்தரியை ஆட்டிக்கொண்டே சொன்னது. நூல் சுற்றுவதும் கல் கட்டுவதும் என் கை செய்ததில்லை, அதனால்தான் மறந்தது. கடலுக்கு முதுகு காட்டாதே என்றது ஒன்றுதான் என் சொந்தச் சரக்கு. மாப்பிள்ளை ஒரு குண்டுகூடத் தொலைக்கவில்லை என்றதும் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஆள், அது நான். அவரிடம் என்னையே தேடியிருக்கிறேன். அவர் என் கடிதத்தைப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்க, நான் அவருடைய வீட்டுக்குள் சந்தேகத்தைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மாப்பிள்ளை, மன்னித்துவிடுங்கள். என் மகள் பேரில் குற்றமில்லை. அவள் எண்ணியது நான் எண்ணச் சொன்னதை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எது தெரியும்?"

"ஒரு மீன் வாயிலயாவது முள்ளு குத்தின ஓட்டை இருந்துச்சா? பதினோரு வருஷமா கழுவினது நான்தானே."

"அப்ப ஏன் கேக்கல?"

"முதல் வருஷம் பயந்துட்டே இருந்தேன், எவ வீட்டுக்குப் போறீங்களோன்னு. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை உங்களுக்குத் தெரியாம பின்னாலயே டிப்போவுக்கு வந்தேன். பஸ்ஸுல வாயத் திறந்து தூங்கிட்டிருந்தீங்க. திரும்பி வந்துட்டேன்."

அந்த முதல் வருடத்தைப் பற்றி நான் ஒரு நாளும் யோசித்ததில்லை வாலு. நேற்று முழுக்க யோசித்தேன்.

மாப்பிள்ளை தூண்டிலைப் பரணிலிருந்து இறக்கட்டும். அவர் அனுமதித்தால் அடுத்த மாதம் வருகிறேன். பாறை மேல் ஏற மாட்டேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கீழே மணலில் உட்கார்ந்து கல் பொறுக்கித் தருவேன்.

அப்பா


ஜூன் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

படித்தேன். பஸ்ஸில் வாயைத் திறந்து தூங்கிய இடம்வரை அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் எழுந்து போய்க் கை கழுவினார், ரொம்ப நேரம் கழுவினார். திரும்பி வந்து பரணைக் காட்டி, "ஸ்டூல கொஞ்சம் புடி" என்றார். பிடித்தேன்.

என்னிடம் இன்னும் முழுசாகப் பேசவில்லை. உங்களுக்கு மட்டும் ஒரு சேதி சொல்லச் சொன்னார். உருண்டைக் கல்லில் நூல் நிற்காதாம், அதனால்தான் ஆரம்பத்தில் சாக்ஸைக் கிழித்துக் கட்டினாராம். நீளக் கல்லாகப் பார்த்துப் பொறுக்க வேண்டுமாம். ஒரு காலைக்கு முப்பது வேண்டியிருக்கும், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

உங்கள் மகள்