கால்மாறிப் போகும் சிவப்பு ரயில்

சில்க்போர்க், டென்மார்க்,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

என் அன்புள்ள பெரியக்காவுக்கு,

தம்பி சிறீஸ்கந்தராசா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் தொடங்க வேண்டும். ஆனால் நீங்கள் போனை எடுக்காமல் விட்ட பிறகு எனக்குச் சுகமும் இல்லை, ஒன்றும் விளங்கவும் இல்லை. வாட்சப்பில் அனுப்பினால் படித்ததாக நீல அடையாளம் வருகிறது, பதில் வருவதில்லை. கடிதத்தையாவது பார்ப்பீர்கள் என்று பேனையை எடுத்தேன். என் மனுசி சுஜாந்தினியின் தம்பி லவன் அடுத்த கிழமை ஊருக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

மகள் மிதுஷாவின் கலியாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. உங்களுக்கு விசாவும் கிடைத்துவிட்டது. டிக்கெட் போடவா என்று கேட்டால் சத்தமே இல்லை. நீங்கள் வருவீர்களோ மாட்டீர்களோ என்று தெரியாமல் விசரன் மாதிரி வீட்டுக்குள் நடந்து திரிகிறேன். என்ன கோபம் அக்கா?

ரயில் விஷயம்தான் கோபம் என்கிறாள் சுஜாந்தினி. அப்படியென்றால் அதை விளக்கமாக எழுதுகிறேன். எனக்கே முழுக்க விளங்கவில்லை என்பது வேறு கதை.

இந்த நாட்டு ரயில்வே ஓய்வு கொடுத்த பழைய எஞ்சின்களையும் பெட்டிகளையும் வைத்துப் பார்க்க இங்கே ஒரு சங்கம் இருக்கிறது. ஊருக்கு வெளியே பெரிய கொட்டகை. உள்ளே கறுப்பு நீராவி எஞ்சின்கள், புகைபோக்கியில் சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று பட்டி போட்டிருக்கும். எஞ்சினும் ஆட்கள் இருக்கிற இடமும் ஒன்றாய்ச் சேர்ந்த சிவப்பு டீசல் வண்டிகளும் உண்டு, மோட்டார் வண்டி என்பார்கள். உங்கள் மருமகள் மிதுஷா கிழமை நாளில் சட்டை கசங்காமல் கந்தோர் வேலைக்குப் போகிறவள், சனிக்கிழமை விடிந்தால் அந்த மோட்டார் வண்டிக்கு அடியில் கிறீஸோடு கிடப்பாள். என்ன சம்பளம் என்று கேட்டேன். சம்பளம் இல்லையாம், வருசாவருசம் இவள்தான் சந்தா கட்டுகிறாளாம். காசு கட்டி வேலை செய்கிற ஆட்களை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? ஒரு பல் டொக்டர் அங்கே கதவுக் கைபிடி மினுக்கிக்கொண்டு நின்றார். ஃப்ரிவிலி, மனம் விரும்பிச் செய்வது என்று விளக்கம் சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மாப்பிள்ளை, விபோர்க் ஊர்ப் பிள்ளை கஜதீபனும் அங்கேதான் சிக்கினான். நாங்கள் சாதகத்தோடு ஊரெல்லாம் அலைய, இவள் பக்கத்து வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தவனைக் கண்டுபிடித்துவிட்டாள். நல்ல பிள்ளை. வீடியோவில் நீங்களும் பார்த்தீர்கள்தானே.

ஓடுகிற ரயிலில்தான் தாலி கட்டுவோம் என்று முதலில் இரண்டு பேரும் நின்றார்கள். ஐயர் மறுத்துவிட்டார். மணமக்கள் கிழக்குப் பார்த்து இருக்க வேணும், வண்டி ஏரிக்கரையிலை வளையேக்கை நான் எந்தக் கிழக்கைப் பிடிக்கிறது என்று கேட்டார். கஜதீபன் வரைபடம் விரித்து, எந்த இடத்தில் பாதை நேராக ஓடுகிறது என்று காட்டினான். ஓமகுண்டத்தை எங்கே மூட்டுவது என்று ஐயர் அடுத்த கேள்வியைக் கேட்டதும், மரவேலை பார்க்கிற சங்கத்துக் கிழவருக்கு முகம் வெளிறிவிட்டது. கடைசியில் தாலி மண்டபத்தில், பெண் கால்மாறி மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற பயணம் மட்டும் அந்தச் சிவப்பு வண்டியில் என்று முடிவு. சங்கத்துப் பாதை முடிகிற இடத்திலிருந்து விபோர்க்குக்குக் காரில் போவார்கள். சனம் லிமோசின் பிடிக்கிற காலத்திலே இவைக்குப் பழைய இரும்போ என்று இங்கே சில பேர் கதைக்கிறார்கள். கதைக்கட்டும்.

ஆனால் இதையெல்லாம் போனில் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்களே. எனக்கு யன்னல் கரை தருவியோ என்றும் கேட்டீர்கள். அப்போ ரயில் காரணமில்லை.

பிறகு அந்தக் கடைசிப் பேச்சை யோசித்துப் பார்த்தேன். எந்தச் சேலை கொண்டுவாறது என்று கேட்டீர்கள். நான் ரயில் மேடையில் நடக்கப்போகிற ஒழுங்கைச் சொன்னேன். சுமங்கலிப் பெண்கள் ஆலாத்தி எடுத்து, வண்டிக்கு முன்னால் நின்று வழியனுப்புவினம், அந்த நேரம் நீங்கள் மினக்கெட வேண்டாம், முதலே ஏறிப் பின்னுக்குக் கொளுவின பெட்டியிலை சொகுசாய் இருங்கோ, ஏரிக் காத்துக்குள்ளை வெளியிலை நிக்கத் தேவையில்லை என்றேன். நீங்கள் ஓம் தம்பி, சரி என்று சொல்லிவிட்டு, அடுப்பில் சோறு என்று போனை வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகுதான் எடுக்கவில்லை.

அத்தான் கண்ணை மூடின பிறகு நல்ல காரியங்களில் நீங்களாகத்தான் பின்னுக்குப் போய் நிற்கிறீர்கள். சனத்துக்கு நடுவில் உங்களுக்குச் சங்கடம் வரக்கூடாது என்றுதான் சொன்னேன். அது பிழையா?

போன சனிக்கிழமை மிதுஷாவைக் கொட்டகையில் இறக்கிவிடப் போகும்போது இதை அவளிடம் சொன்னேன். டேனிஷில் ஒரு பாட்டம் கத்தினாள். பாதிதான் பிடிபட்டது. பிறகு தமிழில், மாமியை ஏன் அப்பா ஒளிச்சு வைக்கிறீங்கள் என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள். ஒளித்து வைக்கிறேனா? காருக்குள்ளேயே இருந்தேன். எஞ்சினை நிற்பாட்டக்கூட மறந்துபோனேன்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். ஒரு கையில் சிவப்புத் தொப்பி, மற்றக் கையில் வட்டத் தகடு பூட்டிய சின்னத் தடி. அந்தக் காலத்து ரயில் தன்பாட்டில் வெளிக்கிடாதாம். ஸ்டேஷன் மாஸ்டர் சிவப்புத் தொப்பியோடு மேடைக்கு வந்து, முன்னால் நின்று தடியை உயர்த்தினால்தான் ஓட்டுநர் வண்டியை எடுக்கலாமாம். சங்கத்தில் இன்றைக்கும் அந்த முறைதான். கலியாணப் பயணம் என்றால் குடும்பத்தில் ஒருவருக்கு அந்தத் தடியைக் கொடுப்பார்களாம், பக்கத்தில் அவர்களுடைய ஆள் நிற்பார். மிதுஷா உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறாள் அக்கா.

எனக்குத் தலை சுற்றியது. பொட்டு வைக்காத நெற்றிக்கு மேல் சிவப்புத் தொப்பியா? பெண் வெளிக்கிடுகிற நேரத்தில் முன்னுக்கா? ஐயரைக் கேட்டேன். தாலி ஏறினால் என்ரை பகுதி முடிஞ்சுது, மிச்சம் ரயில்காரற்றை பகுதி என்று சிரித்தார். மாப்பிள்ளையின் தாய் அபிதாவுக்குப் பயந்து பயந்து போன் எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். பிறகு, அக்காவுக்குக் கொண்டை பெரிசோ, தொப்பி கொள்ளுமோ என்று கேட்டா.

எது சரி, எது பிழை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நான் ஒரு பெண்ணைப் பெற்றவன், பயப்படாமல் இருக்க முடியவில்லை. ஆனால் நீங்கள் பின் பெட்டியில் தனிய இருக்க வண்டி வெளிக்கிடுவதை நினைத்தால் அதைவிடப் பயமாய் இருக்கிறது. சுஜாந்தினி தடியைப் பிடிக்கட்டும் என்றும் மிதுஷாவிடம் சொல்லிப் பார்த்தேன். மாமி வராட்டில் வண்டி அங்கேயே நிக்கட்டும், நானும் அதுக்குள்ளேயே இருக்கிறன் என்கிறாள். அவள் சொன்னால் செய்வாள், உங்களுக்குத் தெரியும்.

இன்றைக்கு நானே டிக்கெட் போட்டுவிட்டேன். லவன் அதையும் கொண்டுவருவான். போனை எடுங்கோ அக்கா. ஏசுவதென்றாலும் எடுத்து ஏசுங்கோ. வந்து எல்லோருக்கும் முன்னுக்கு நில்லுங்கோ. என் பிள்ளை உங்கள் முகத்தில் முழித்து வெளிக்கிடட்டும்.

உங்கள் வாயிலிருந்து வாறன் என்ற ஒரு சொல்லுக்குக் காத்திருக்கும்,
தம்பி
சிறி