ஏழாம் நாள் தண்ணீர்

பாத்கென்,
மே மாதம்.

அன்புள்ள எர்மெக் அண்ணாவுக்கு,

சைகல் எழுதுகிறேன். பிராக் நகரத்தில் உன் உடம்பும் வேலையும் நன்றாக இருக்கட்டும். அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. பள்ளியில் தேர்வு நெருங்குவதால் நான் எடுக்கும் கணினி வகுப்புகள் கூடுதல்.

போனில் சொல்லாமல் ஏன் மின்னஞ்சல் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ "சொல்லு, சொல்லு" என்கிறாய். பின்னால் தட்டச்சு செய்யும் சத்தம் எனக்குக் கேட்கிறது.

கீழ்த் தோட்டத்து ஆப்ரிகாட் பிஞ்செல்லாம் உதிர்ந்துவிட்டது. பனியால் என்று அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். பனியால் அல்ல, தண்ணீர் இல்லாமல்.

அப்பா இறந்த வாரத்தில்தான் நம் முறைத் தண்ணீர் வந்தது. துக்க வீட்டில் ஏழாம் நாள் சாப்பாடு போடும்வரை யாரும் மண்வெட்டியைத் தொடுவதில்லை. அந்த முறையைக் கீழ்வீட்டுக்காரர் எடுத்துக்கொள்வார். ஏழாம் நாள் முடிந்ததும் முதல் தண்ணீர் துக்க வீட்டுக்குத் திரும்ப வரும். நீ மறந்திருக்கலாம் என்பதால் எழுதுகிறேன். கீழ்வீட்டு ஒரோஸ்பாய் வழக்கப்படி எடுத்துக்கொண்டார். ஆனால் திரும்ப வரவில்லை.

அம்மா தலையில் துக்கத் துணியோடு மடைக்குப் போய் நின்றாள். நானும் கூட இருந்தேன். தண்ணீர் பங்கிடும் மமசாலி போனைக் காட்டினார். "உங்க முறை முடிஞ்சுபோச்சுன்னு இதுல இருக்கு, அக்கா. நான் என்ன பண்ணட்டும்? வாய்ச்சொல்ல நம்பி மடையத் திறந்து, நம்ம ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் மண்டை ஒடஞ்சது மறந்துபோச்சா? போன்ல இருக்கறதுதான் சட்டம்னு தண்ணிச் சங்கமே சொல்லியாச்சு" என்றார். ஒரோஸ்பாயின் மனைவி துர்துகான் வரப்பில் நின்று சிரித்தாள். "ஒங்க புள்ள எழுதுனதுதானே? அவங்கிட்டயே போய்க் கேளுங்க" என்றாள்.

அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "எம்புள்ள தப்பா எழுத மாட்டான். மலையில பனி உருகல போலிருக்கு" என்றாள். பிறகு வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

தண்ணீர் முறை சொல்லும் உன் 'கெசெக்' மென்பொருள் இப்போது எத்தனை நாடுகளில் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். அது நம் வாய்க்காலின் முறைகளை அப்பா சொல்லச் சொல்ல, நீ நம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதியது. மாநாட்டில் அப்பா மண்வெட்டியோடு நிற்கும் படத்தைக் காட்டிப் பேசினாய். எல்லாரும் கைதட்டினார்கள். அதன் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம் என்றாய். அனுப்பியதைச் சேர்ப்பதும் விடுவதும் உன் கையில் என்பதை மட்டும் சொல்லவில்லை.

போன இலையுதிர் காலத்தில் 'வானம்பாடி' என்ற பெயரில் ஒருவர் திருத்தம் அனுப்பினாரே, நினைவிருக்கிறதா? துக்க வீட்டின் முறையைத் தள்ளிவைத்து, ஏழாம் நாளுக்குப் பின் திருப்பித் தரும் திருத்தம். அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனைகள் எங்கே என்று கேட்டாய், எழுதி அனுப்பினார். 'இறப்பு' என்ற பெயர் நிரலில் நன்றாக இல்லை என்றாய். 'இடைவெளி' என்று மாற்றினார். கடைசியில், "இது ஒரு ஊரின் வழக்கம். பொதுவான தொகுப்பில் இதற்கு இடமில்லை" என்று எழுதி, சேர்க்காமலே மூடிவிட்டாய். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை.

அந்த வானம்பாடி நான்தான். தங்கை என்று சேர்க்க வேண்டாம், நிரல் சரியாக இருந்தால் சேர்க்கட்டும் என்று நினைத்தேன். அப்போது நம் வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை. யார் வீட்டிலாவது தேவைப்படும் என்றுதான் எழுதினேன்.

"நீயே ஒரு பிரதி எடுத்துத் திருத்திக்கொள்ளலாமே" என்பாய். எடுத்தேன். சங்கத்து ஆபீசுக்கும் கொண்டுபோனேன். "எர்மெக் வெளியிட்டதாம்மா இது? இல்லல்ல? அப்ப எடுத்துட்டுப் போ" என்றார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் உன் பெயருக்கு இருக்கும் மதிப்பை நான் குறை சொல்லவில்லை.

இப்போது எழுதக் காரணம் நம் தோட்டம் இல்லை. உதிர்ந்த பிஞ்சு மரத்துக்குத் திரும்பப் போவதில்லை. நேற்று முன்தினம் ஒரோஸ்பாய் இறந்துவிட்டார். அவர்கள் முறை நாளை வருகிறது. அவருக்கும் கீழே இருப்பவர் எடுத்துக்கொள்வார். துர்துகானின் வெங்காய நாற்று நட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. இந்த வெயிலில் ஒரு முறை தவறினால் அவ்வளவுதான். அவளுக்கு வேறு நிலம் இல்லை. இன்று காலை நாங்கள் துக்கம் கேட்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்கண்ணங்கிட்ட ஒரு வார்த்த சொல்லேன்மா" என்றாள். அன்று வரப்பில் கேட்ட சிரிப்பு என் காதிலேயே இருந்தது. "சொல்லுவா, அவன் செய்வான்" என்று அம்மாதான் வாக்குக் கொடுத்தாள்.

திருத்தத்தைப் புதிய பதிப்புக்கு ஏற்ப மாற்றி மறுபடி அனுப்பியிருக்கிறேன். சோதனைகள் எல்லாம் சரியாக ஓடுகின்றன. பெயரை மட்டும் பழையபடி 'இறப்பு' என்றே வைத்திருக்கிறேன். அதை நான் மாற்றமாட்டேன்.

அப்பாவின் ஏழாம் நாளுக்கு விமானச் சீட்டு கிடைக்கவில்லை என்றாய். அம்மா நம்பினாள்; நானும் கேள்வி கேட்கவில்லை. ஒரோஸ்பாயின் ஏழாம் நாளுக்கு நீ வர வேண்டியதில்லை. அதற்குள் அதைச் சேர்த்துவிடு.

"அவன் சேர்க்காவிட்டால் துர்துகானுக்கு என்ன சொல்வாய்?" என்று அம்மாவைக் கேட்டேன். "மலையில பனி உருகலன்னு சொல்லிக்கறேன். எங்க இருந்தாலும் அவன் நல்லா இருக்கட்டும்" என்றாள்.

நல்லா இரு, அண்ணா.

சைகல்