முப்பதாவது இடமும் வாஃபிள் கூடாரமும்

ஜனவரி 9, திங்கள்

பனிச்சறுக்குப் பந்தய உடை இன்று மூன்றாவது முயற்சியில்தான் ஏறியது. நான் உடைக்குள் போனேனா, உடை என்னை விழுங்கியதா, தெரியவில்லை. வயது முப்பத்தொன்பது. நார்வே அணியில் எனக்கு அடுத்த மூத்தவனுக்கு இருபத்தாறு. பயல்கள் என்னை 'பெரியப்பா' என்கிறார்கள். நேற்று மலை உச்சியில், டிவிக்காரர் மைக்கோடு நிற்கும்போது ஒருவன் கேட்கிறான்: "பெரியப்பா, உங்க காலத்துல நாம சுத்தி வளைஞ்சு இறங்கற இந்தக் கம்பமெல்லாம் மூங்கிலாமே?" அது எனக்கு முந்தின தலைமுறை என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை.

நேற்று ஆஸ்திரியாவில் நாற்பத்துநாலாவது. முதல் ஓட்டத்தில் முப்பதுக்குள் வந்தவர்களுக்குத்தான் இரண்டாவது ஓட்டம். மற்றவர்களுக்குச் சூப். இரண்டு வருடமாக நான் சூப்பில்தான் இருக்கிறேன். எந்த மலையில் என்ன சூப் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

விமான நிலையத்தில் பயிற்சியாளர் ஸ்டைனார் என் தோளில் கை போட்டார். அந்தக் கை விழுந்த தோள் அடுத்த வருடம் அணியில் இருந்ததில்லை.

"ஹல்வோர், அடுத்த மாசம் உன் ஊர்லயே உலகக் கோப்பைப் பந்தயம். முதல் பதினஞ்சுக்குள்ள வந்துடு. அடுத்த வருஷமும் அணியில இருப்ப."

"வரலேன்னா?"

"உன்னை வழியனுப்ப மார்சிபான் கேக் சொல்லியாச்சு."

ஜனவரி 11

முழங்கால் படி ஏறும்போது சாது. இறங்கும்போதுதான் சத்தம் போடுகிறது. என் தொழிலே இறங்குவது.

ஜனவரி 13, வெள்ளி

ஸ்கீ கிளப்பில் ஊர்ப்பணிக் கூட்டம். எங்கள் ஊரில் பந்தயம் என்றால் டாக்டர் கார் நிறுத்துமிடத்தில் கொடி ஆட்டுவார், பாதிரியார் கம்பம் நடுவார். கூலியும் கிடையாது, தப்பிக்கவும் முடியாது. கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போடலாம், ஊர்ப்பணிப் பட்டியலில் ஏறிய பெயர் இறங்காது.

பட்டியல் குன்வோர் கையில். ஒருகாலத்தில் காட்டுவழி ஸ்கீயில் முப்பது கிலோமீட்டர் மூச்சு வாங்காமல் போய் மாவட்டத்தையே ஜெயித்தவர். அவரைப் பொறுத்தவரை மலையிறங்குவது விளையாட்டில் சேர்த்தி இல்லை.

"மேல ஏத்திவிடறது லிஃப்ட். கீழ இழுக்கறது பூமி. நடுவுல நீ என்னதான் பண்ற, ஹல்வோர்?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். பதினெட்டு வருடமாக எனக்கும் இதே சந்தேகம்.

பட்டியல் சுற்றி வந்தது. 'வாஃபிள் சுடும் கூடாரம், 12.30 முதல் 2.30 வரை' என்ற கட்டத்தில் பேனாவால் என் பெயரை எழுதினேன். எழுதிவிட்டு நிம்மதியாகக் காபி குடித்தேன்.

ஜனவரி 20

குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த பட்டியலை ராக்னா இன்றுதான் படித்தாள். என் மனைவி கோபம் வந்தால் கத்தமாட்டாள், கேள்வி கேட்பாள்.

"ரெண்டாவது ஓட்டம் எத்தனை மணிக்கு?"

"ஒரு மணிக்கு."

"ஒரு மணிக்கு நீ எங்க இருப்ப?"

"வாஃபிள்..."

"ஏன்யா, நீயே உன்னை நம்பாம மாவு ஊத்தப் போறேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்க. நான் மட்டும் கொடியும் மணியும் தூக்கிட்டு வந்து கீழ நிக்கணுமா?"

பழக்கதோஷம் என்றேன். அவள் உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டாள். உருளைக்கிழங்குக்குக் கண்ணில் தண்ணீர் வருமா? வராதே. என்ன மனுஷன் நான்? வேற எந்த நேரமும் கண்ணுல படலையா? அதுவும் பேனாவுல எழுதித் தொலைச்சிருக்கேன் — பென்சில் கிடைக்கலையா?

ஜனவரி 21

குன்வோர் வீட்டுக்குப் போனேன்.

"அந்தப் பேரை அடிச்சுடுங்களேன்."

"பேனாவுல எழுதினதை நான் அடிக்கறதில்ல. உனக்குப் பதிலா ஒரு ஆளைக் கொண்டா."

ஊரில் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் இருக்கிறார்கள். பல் டாக்டர் மட்டும் அரை மனதாக, "நீ கண்டிப்பா ரெண்டாவது ஓட்டத்துல இருப்பியா?" என்று கேட்டார். நான் அவர் வீட்டு வாசல் மிதியடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். "அப்ப பாத்துக்கலாம்" என்று கதவைச் சாத்தினார்.

பிப்ரவரி 17

நாளைப் பந்தயத்தில் என் எண் 61. எனக்கு முன்னால் அறுபது பேர் உழுதுவிட்டுப் போன பனியில் நான் இறங்க வேண்டும். மதியம் மழையும் பனியும் கலந்து பெய்யுமாம்.

ராக்னா சொன்னது ஒரே வாக்கியம்: "ஏப்ரனை மறந்துடாத."

பிப்ரவரி 18, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். கை இன்னும் வெண்ணெய் வாசனை.

காலையில் பனி கல்லாக உறைந்திருந்தது. முழங்கால் சத்தம் போடாமல் ஒத்துழைத்தது. முப்பத்தொன்றாவது! ஒரே ஒரு இடம். ஒரு வினாடியை நூறாக அரிந்தால் அதில் மூன்று துண்டு. நான் தும்மினால்கூட அதைவிட நேரம் ஆகும்.

சூப்புக்குப் போகவில்லை. பன்னிரண்டரைக்கு ஏப்ரனோடு கூடாரத்தில் நின்றேன். வரிசையில் ராக்னா வந்தாள். "ஒண்ணு குடு." பழுப்புச் சீஸை இரண்டு துண்டு கூடுதலாக வைத்துக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் மன்னிப்பு கேட்கும் முறை அது. அவள் ஒன்றைத் திருப்பி வைத்தாள். பாதி மன்னிப்பு.

அப்போதுதான் ஒலிபெருக்கி அலறியது. யாரோ ஒரு பிரெஞ்சுக்காரர் ஒரு கம்பத்தைத் தன் இரண்டு ஸ்கீக்கும் நடுவே விட்டுக்கொண்டு இறங்கியிருக்கிறார், வீடியோவில் மாட்டிக்கொண்டார். ஆள் வெளியே. நான் முப்பதாவது.

ஸ்டைனார் கூடாரத்துக்குள் பாய்ந்தார். "யோவ், ஏப்ரனைக் கழட்டு!"

குன்வோர் கரண்டியோடு வழியை மறித்தார். "இன்னும் ஒண்ணே முக்கால் மணி நேரம் பாக்கி இருக்கு."

"குன்வோர், நார்வே அவனைக் கூப்பிடுது!"

"இங்க வரிசையில நிக்கறதும் நார்வேதான்."

ராக்னா தட்டைக் கீழே வைத்தாள். என் கழுத்திலிருந்து ஏப்ரனை உருவித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். "இவனுக்குப் பதில் ஆள் நான்."

"நீ பாக்க வேண்டாமா?" என்றேன்.

"பதினெட்டு வருஷமாப் பாத்தாச்சு. போ!"

முப்பதாவது வந்தவன்தான் இரண்டாவது ஓட்டத்தில் முதலில் இறங்குவான். எனக்கு முன்னால் ஒரு தடம் இல்லை. எத்தனை வருடம் ஆயிற்று இப்படிப் பனியைப் பார்த்து! எப்படி இறங்கினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. புருவத்தில் மாவு இருந்தது, அது நினைவிருக்கிறது.

கீழே வந்ததும் நான்தான் முதலிடம் — வேறு யாரும் இன்னும் இறங்காததால். முன்னணியில் இருப்பவன் உட்காரும் சிவப்பு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அடுத்தவன் வந்து என்னைக் கிளப்பிவிடுவான் என்று பாதி எழுந்த வாக்கிலேயே இருந்தேன். அவன் என்னைவிட மெதுவாக வந்தான். அதற்கடுத்தவனும். மழை கலந்த பனி கொட்ட ஆரம்பித்தது. ஒவ்வொருவரும் இறங்க இறங்கத் தடம் குழியாகிக்கொண்டே போனது. பதினைந்து பேர் எனக்குப் பின்னால் தங்கிவிட்டால் போதும், அணியில் என் இடம் நிற்கும். விரல் விட்டு எண்ணினேன். பத்து. பதினொன்று.

பன்னிரண்டில் இருக்கும்போது குன்வோர் ஒரு பெரிய கிண்ணத்தோடு வந்தார்.

"உன் பொண்டாட்டி கரைச்ச மாவு கட்டி கட்டியா இருக்கு. நீ சும்மாதான உக்காந்திருக்க?"

கிண்ணம் என் மடியில். கேமரா என் முகத்துக்கு நேரே. ஏற்பாட்டாளர் ஒருவர் வெளிறிப்போய் ஓடிவந்து, "அது... மாவா?" என்றார். நான் கலக்கினேன். பதிமூன்று. பதினாலு. அடுத்து வந்த இத்தாலிக்காரர் பாதி மலைவரை என்னைவிட வேகம்! மத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கடைசி வளைவில் ஒரு குழி அவரைத் தூக்கிப் போட்டது. விழாமல் வந்தார், ஆனால் தாமதமாக.

பதினைந்து!

மத்தோடு கையை உயர்த்திவிட்டேன். நாடு முழுக்க டிவியில் பார்த்தது கேமரா கண்ணாடியில் வழிந்த மாவைத்தான். ஸ்டைனார் கட்டிப்பிடித்தார், அவர் சட்டை முழுக்க மாவு. இன்னொருவனும் எனக்குப் பின்னால் போனான். அதன்பின் கெட்டிக்காரர்கள் பதிமூன்று பேர் வரிசையாக என்னைத் தாண்டினார்கள். கடைசிக் கணக்கில் பதினாலாவது.

குன்வோர் மாவைத் தொட்டுப் பார்த்தார். "ம். கட்டி இல்ல." இரண்டடி போய்த் திரும்பினார். "நடுவுல ஏதோ பண்றபோலத்தான் இருக்கு."

கூடாரத்துக்கு ஓடினேன். ராக்னா ஒரு கையில் வாஃபிளைக் கருக்கிக்கொண்டு, இன்னொரு கையில் மணி அடித்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 19

கேக்கைக் கடையில் திருப்பி எடுக்கவில்லையாம். 'நன்றி ஹல்வோர், போய் வா' என்று எழுதியிருந்தது. 'போய் வா'வைப் பயல்கள் தின்றார்கள்.

நவம்பர் 4, சனி

பிப்ரவரிப் பந்தயத்துக்குப் பட்டியல் வந்தது. கார் நிறுத்துமிடம், காலை ஆறு முதல் எட்டு என்று எழுதினேன்.

"உன் வாஃபிளை ஊரே கேக்குது. மதியம் நில்லேன்" என்றார் குன்வோர்.

"மதியம் எனக்கு வேற வேலை இருக்கு."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பட்டியலை வாங்கி, 12.30 கட்டத்தில் என் பெயரை அவரே எழுதினார். பென்சிலால்.

"அழிக்கறது உன் பாடு."

கடையில் வாங்க வேண்டியது: பால், காபித்தூள், ரப்பர்.